கேட்போரும் கேட்கப்படுவோரும்: நேர்காணல் முறை வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இருபொருள் தருவது. பிறரை வினவுவதும் கேள்வி. பிறர் கூறுவதைச் செவிமடுப்பதும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் இரண்டாம் பொருளிலேயே இப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மனிதரை நேரிற் கண்டு, அவர்தம் வாழ்வை அவர்தம் வாய்மொழி கொண்டே அறிய முற்படும் பண்புசார் ஆய்வின் வரலாறு, முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை நோக்கி நடந்த நெடும்பயணம் எனலாம்.

இப்பயணத்தை அளந்து காண நன்னூல் நல்லதோர் அளவுகோலைத் தருகிறது. பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேராக இறுக்கப்படுபவை. ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேர்விடையாக அமையாமல், விடையைக் குறிப்பாற் பயப்பவை. வினாக்களுள் ஒன்று கொளல் வினா. ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் கருத்துடன் வினவுவது அது. இவ்விலக்கணம் களஆய்வுக்காக எழுந்ததன்று. எனினும், மேலைநாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சமூகக் கணக்கெடுப்புகளை இதனோடு பொருத்திப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகும். அவற்றில் கேட்கப்பட்டவை பெரும்பாலும் கொளல் வினாக்கள். ஏற்கப்பட்டவை முதல் மூன்று விடைகள். எஞ்சிய ஐந்தும் வேண்டாத பேச்சென ஒதுக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட அவ்வைந்தையும் ஆய்வுலகம் எவ்வாறு மீட்டது, மீட்டபோது கேட்கப்படுவோர் பெற்ற இடம் யாது என்பதை இக்கட்டுரை காண முற்படுகிறது.

ஆலையில் நேர்ந்த திருப்பம்

லண்டன் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் ஆராய்ந்த சார்லஸ் பூத் 1886இல் தம் பணியைத் தொடங்கினார். 1889 முதல் வெளிவரலான அவ்வாய்வு, 1903இல் முற்றுப்பெற்றபோது 17 தொகுதிகளாக விரிந்திருந்தது. தெருத்தெருவாக வறுமையின் அளவை வண்ணங்களாற் காட்டிய அதன் நிலப்படங்கள் இன்றும் வியக்கப்படுகின்றன. ஆயினும் அவர் தொடக்கத்தில் ஏழையரின் நிலையை ஏழையரிடம் கேட்டறியவில்லை. பள்ளிக் குழுவின் சார்பில் வீடுவீடாகச் சென்றுவந்த பார்வையாளர்களிடமே கேட்டறிந்தார். ஏழையர் பார்க்கப்பட்டனர்; வினவப்படவில்லை.

வினவப்பட்டோர் வினாவின் எல்லையை மீறிய நிகழ்ச்சியொன்று அமெரிக்காவில், சிக்காகோவை அடுத்த சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் நிகழ்ந்தது. அங்கே 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளரிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. மேற்பார்வையாளர் எப்படி, வேலை எப்படி, பணியிடம் எப்படி என்பன போன்ற வினாக்களுடன் பேட்டியாளர் சென்றனர். தொழிலாளரோ அவ்வினாக்களில் நிற்கவில்லை. கேட்டது ஒன்றாக இருக்க, தம் மனத்தை அழுத்திய வேறொன்றைப் பேசினர். பேட்டியாளர் அவர்களை வினாவுக்கு இழுத்துவர, அவர்கள் மீண்டும் தம் பேச்சுக்கே திரும்பினர். இப்போக்கைக் கண்ட ஆய்வுக் குழு 1929இல் முறையையே மாற்றியது. பேச்சின் பொருளைத் தொழிலாளரே தெரிந்தெடுக்கலாம். பேட்டியாளர் இடைமறித்தலும் அறிவுரை கூறலும் ஆகா என்பது புதிய நெறி. அதுவரை அரைமணி நேரத்தில் முடிந்த நேர்காணல், ஒன்றரை மணி நேரமாக நீண்டது. இவ்வரலாற்றை ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூல் விரிவாகத் தருகிறது. ஒதுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றான ‘உற்றது உரைத்தல்’ ஆய்வுக்குள் நுழைந்த இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. தொழிலாளர் மனம்விட்டுப் பேசினர். பேசியதனாலேயே சிலர் ஆறுதலும் பெற்றனர். ஆனால் அப்பேச்சை என்ன செய்வது என்பதை நிறுவனமே முடிவு செய்தது. நன்கு கேட்பது வேறு, கேட்டதில் பங்கு தருவது வேறு. இவ்வேறுபாடு பின்வந்த எல்லா முறைகளையும் தொடர்ந்து வந்தது.

ஒரு மூதாட்டி, இரு வரலாறுகள்

பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த எழுத்தாளருக்கு வேலை தருவதற்காக அமெரிக்க நடுவண் அரசு எழுத்தாளர் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் சார்பில் 1936 முதல் 1938 வரை, அடிமை வாழ்விலிருந்து மீண்டு அப்போது உயிருடனிருந்த முதியோர் 2,300க்கும் மேற்பட்டோர் 17 மாநிலங்களில் பேட்டி காணப்பட்டனர். அடிமைமுறை 1865இல் ஒழிந்ததாதலின், அவர்களுட் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள். பேட்டி கண்டோருட் பெரும்பாலோர் வெள்ளையர்.

தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்னும் மூதாட்டியை 1937இல் இருவர் தனித்தனியே சந்தித்தனர். முதலில் வந்தவர் ஜெசி பட்லர் என்னும் வெள்ளைப் பெண்மணி. வந்தவர் அரசின் உதவித்தொகை அலுவலகத்தைச் சார்ந்தவர் என மூதாட்டி எண்ணிக்கொண்டார். தம் பழைய எசமானர் நல்லவர் என்பதே அவர் கூற்றின் சாரமாக அமைந்தது. எசமானர் பெரும்பாலும் இரக்கமுடையோர்தாமே என்னும் தொனியில் வந்த வினாவுக்கு, அக்காலமும் இக்காலம் போன்றதே, நல்லவரும் உண்டு, தீயவரும் உண்டு எனப் பொதுப்பட மொழிந்தார். ‘இனமொழி’ விடைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்பதரிது. நேராக மறுத்தால் வரக்கூடும் உதவி நின்றுவிடலாம்; நேராக ஒப்பினால் தம் இனத்தார் பட்ட துயர் பொய்யாகிவிடும். இரண்டுக்கும் இடையே ஒரு வழியை முதுமை கண்டுகொண்டது.

அடுத்து வந்தவர் அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பினத்தவர். அவரிடம் அதே மூதாட்டி கூறிய வரலாற்றில் கசையடிகள் வந்தன. மணமுடித்த மறுநாள் காலையிலேயே விற்கப்பட்டுப் பிரிந்த துணைவர் வந்தனர். பிள்ளைகளை இழந்த தாயரின் கதறலும் வந்தது. இரு பதிவுகளும் ஒரே தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் மூதாட்டியின் வயதுகூட ஒத்துவரவில்லை. ஓரவையைக் கண்டபின்னரே சொல்லைத் தெரிந்தெடுக்கும் அறிவு கற்றோர்க்கே உரியதென்று கருதுவது பிழை. எவர்முன் எதைச் சொல்லலாம் என்பதை எளியோர் தம் உயிருக்கும் உணவுக்கும் அஞ்சிப் பயின்றிருந்தனர். விடையை வினா மட்டும் தீர்மானிப்பதில்லை. வினவுபவரின் நிறமும் உடையும் அவருக்குப் பின்னால் நிற்கும் அலுவலகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதை இவ்விரு பதிவுகளும் ஆய்வுலகுக்குக் கற்பித்தன.

இருவர் நடுவே ஒரு படம்

வினவுபவரின் பார்வை வினவப்படுபவரின் முகத்தில் நிலைத்திருக்கும்வரை நேர்காணல் ஓரளவு விசாரணையாகவே இருக்கும். இவ்விறுக்கத்தைத் தளர்த்த எளியதொரு வழியைக் கண்டவர் ஜான் காலியர் என்னும் ஒளிப்படக் கலைஞர். கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணமொன்றில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் நடத்திய மனநல ஆய்வில் அவர் பணியாற்றினார். மக்களின் வீடுகளையும் தொழிலிடங்களையும் படமெடுத்து, அப்படங்களை அவர்கள்முன் வைத்து உரையாடும் முறையையும், படமின்றி வினவும் முறையையும் ஒப்பிட்டு, தம் முடிவுகளை 1957இல் கட்டுரையாக வெளியிட்டார்.

படமின்றி நடந்த உரையாடல் விரைவில் சலிப்புற்றது. சொன்னதே திரும்பவும் சொல்லப்பட்டது. படங்களை வைத்து நடந்த உரையாடலிலோ நினைவு கூர்மை பெற்றது, களைப்புக் குறைந்தது. காரணம் வெளிப்படை. ஒரு படத்தை இருவரும் சேர்ந்து பார்க்கையில், ஆராயப்படும் பொருள் எதிரில் இருப்பவரன்று, படமே. அப்படத்தில் உள்ள களத்தையும் கருவியையும் அறிந்தவர் அவ்வூரார்; அறியாதவர் ஆய்வாளர். ஆகவே விளக்குவோர் என்னும் இடம் இயல்பாகவே ஊராரைச் சேர்ந்தது. ஆயினும் எதனைப் படமெடுப்பது என்னும் தெரிவு அப்போதும் ஆய்வாளர் கையிலேயே இருந்தது.

எதிர்வினாவும் பிழையும்

பேட்டி காண்போர் தம் கருத்தை வெளிப்படுத்தலாகாது, எதிர்வினா எழுந்தால் நயமாக நழுவிவிட வேண்டும் என்றே ஆய்வுமுறைப் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்துவந்தன. இதனைப் பெண்ணிய நோக்கில் மறுத்தவர் இங்கிலாந்துச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி. முதன்முறை தாயாகும் பெண்களை அவர் மகப்பேற்றுக்கு முன் இருமுறையும் பின் இருமுறையுமாகச் சந்தித்து உரையாடினார். அப்பெண்கள் விடை கூறியதோடு அமையவில்லை, அவரையே வினவினர். அவ்வினாக்களில் முக்கால் பங்கு செய்தி அறியும் நோக்கின. மகப்பேறு குறித்தும் மருத்துவமனை குறித்தும் அச்சத்தோடு வினவும் ஒரு பெண்ணிடம், பாடநூல் சொன்னபடி நகைத்து நழுவுவது அறமாகுமா? ஓக்லி தாம் அறிந்தவற்றைக் கூறினார். தாமும் ஒரு தாய் என்பதை மறைக்கவில்லை. ஒருவழிப் போக்கான பேட்டி பெண்களிடையே தன் முரண்பாட்டைத் தானே காட்டிவிடுகிறது என்று 1981இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். எட்டு விடைகளுள் ஒன்றாக எதிர்வினாவையும் நன்னூல் ஏற்றிருத்தல் ஈண்டு நினையத்தக்கது.

பிழைபட்ட விடைக்கும் பொருளுண்டு என்பதை இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி உணர்த்தினார். தெர்னி என்னும் எஃகு நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்னும் 21 வயதுத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று காவலரால் கொல்லப்பட்டான். இத்தாலி நேட்டோ கூட்டணியிற் சேர்வதை எதிர்த்த கண்டனத்தின்போது நிகழ்ந்தது அது. ஆண்டுகள் பல கழிந்தபின் போர்த்தெல்லி அவ்வூராரிடம் உரையாடியபோது, பலர் அச்சாவை 1953இல் வைத்துக் கூறினர். அவ்வாண்டில் ஆலை 2,000க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. தெருக்களிற் கலகம் மூண்டது. ஆவணத்தோடு ஒப்பிட்டு அவற்றைத் தள்ளிவிடுவது எளிது. போர்த்தெல்லி தள்ளவில்லை, ஏன் இடம்மாறியது என வினவினார். தம் தோழன் ஒருவன் இறந்ததற்குத் தகுந்த பெருங்காரணம் வேண்டும் என ஊரின் நினைவு விழைந்திருந்தது. அவ்விழைவை அறிவிப்பது பிழையான அவ்வாண்டே.

கோலைக் கைமாற்றுதல்

1980களின் இறுதியில் கென்யாவிலும் இந்தியாவிலும் ஊரக வளர்ச்சிப் பணியாளரிடையே, பங்கேற்பு ஊரக மதிப்பீடு எனப்பட்ட முறை உருவாயிற்று. இதனைப் பரப்பியவருள் முதன்மையானவர் ராபர்ட் சேம்பர்ஸ். வினாத்தாளை ஒதுக்கிவிட்டு, ஊரின் நிலப்படத்தை ஊராரையே தரையில் வரையச் செய்வது இம்முறையின் சிறப்பு. விதைகளும் கூழாங்கற்களும் கோலப்பொடியும் எழுதுபொருள்களாயின. எழுத்தறியாதார் எனப்பட்டோர் தம் ஊரின் நீரோட்டத்தையும் நிலவளத்தையும் பசிமிகுந்த மாதங்களையும் வரைந்து காட்டினர். ஆய்வாளர் தம் கையிலுள்ள கோலை ஊராரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது இம்முறையின் வழக்குமொழி. வந்தவர் ஊராரின் வேலையை அவர் கற்பிக்கக் கற்றுச் செய்துபார்த்தலும் இதன் ஒரு கூறு. ‘நீயே செய்து பார்’ என்னும் ‘ஏவல்’ விடை இங்கே ஆய்வுமுறையாகவே ஆயிற்று.

ஆனால் கோலை வாங்கிக்கொண்ட கை யாருடையது? மேற்கிந்தியாவில் இம்முறையைக் கையாண்ட டேவிட் மாஸ் என்னும் மானிடவியலாளர் 1994இல் எழுதிய கட்டுரையில் இவ்வினாவை எழுப்பினார். பொதுவிடத்தில், ஊர்கூடி, வெளியார் முன்னிலையில் நிகழும் இப்பணியில் செல்வாக்குடையோரின் கருத்தே ஊரின் கருத்தாகிவிடுவதையும், பெண்கள் ஒதுங்கிப்போவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பெண்கள் பேசும் இடமும் வேளையும் மொழியும் வேறு. மன்றத்தில் விரித்த படத்தில் அடுக்களையின் குரல் தானே வந்து விழுந்துவிடாது.

இதே காலத்தில் சீனத்தின் யுனான் மாநிலத்தில் வேறொரு முயற்சி நடந்தது. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இருவர் 1992இல் சிற்றூர்ப் பெண்கள் 62 பேருக்கு ஒளிப்படக்கருவி அளித்து, தம் அன்றாட வாழ்வைத் தாமே படமெடுக்கச் செய்தனர். காலியரின் முறையில் ஆய்வாளரிடம் இருந்த தெரிவு இங்கே பெண்களிடம் வந்துசேர்ந்தது. எடுத்த படங்களுள் எவற்றைப் பற்றிப் பேசுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். அவற்றுள் ஒரு படத்தில், சோளக் கொல்லையில் ஒருத்தி களையெடுக்கிறாள்; வரப்போரத்தில் அவள் குழந்தை தனியே கிடக்கிறது. வழிப்போக்கர் கண்ணுக்கு அது வழக்கமான நாட்டுப்புறக் காட்சி. அப்பெண்களுக்கோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி உழைக்கும் எல்லாத் தாயரின் நிலைக்கும் அது சான்று. குழந்தைக் காப்பகம், மகப்பேற்று உதவி, பெண்குழந்தைகளின் கல்வி ஆகியன குறித்து அதிகாரிகளோடு பேச இப்படங்கள் வழிவகுத்தன. இம்முறையின் கோட்பாட்டை இருவரும் 1997இல் விரிவாக எழுதினர்.

பாட்டியின் மறுப்பு

கேட்கப்பட்டோர் பேசுவதற்கும் வினவுவதற்கும் படமெடுப்பதற்கும் இடம்பெற்றனர். கேட்டதற்குப் பொருள் கூறும் உரிமை மட்டும் ஆய்வாளரிடமே எஞ்சியிருந்தது. அதனையும் அசைத்தது ஒரு பாட்டியின் கடிதம்.

கேத்தரின் போர்லாண்ட் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர். அவர்தம் பாட்டி பியாட்ரிஸ் ஹான்சன், 1944ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்துச் சந்தையொன்றில் நடந்த குதிரைப் பந்தயம் பற்றி ஒரு கதை சொன்னார். தந்தை தடுத்தும் கேளாமல் தாம் விரும்பிய குதிரையின்மேற் பணம் கட்டி வென்ற கதை அது. ஆடவர் கூடிய அவையில் ஒரு பெண் தன் தெரிவை நிலைநாட்டியதாக, ஆணாதிக்கத்தை எதிர்த்த போராட்டமாக, பேத்தி அதற்கு விளக்கம் எழுதினார். எழுதியதைப் பாட்டிக்கும் அனுப்பினார். பதினான்கு பக்க அளவில் மறுப்பு வந்தது. தாம் அவ்வாறு எண்ணவே இல்லை என்றார் பாட்டி. கதை இனித் தம்முடையதன்று, முழுவதும் பேத்தியுடையதாகிவிட்டது என்றும் வருந்தினார்.

போர்லாண்ட் அம்மறுப்பை மறைக்கவில்லை. பாட்டியோடு மீண்டும் உரையாடினார். சில விளக்கங்களைப் பாட்டி ஏற்றார், சிலவற்றை ஏற்கவில்லை. உரையாடல் முழுவதையும் 1991இல் வெளியான கட்டுரையில் வெளிப்படையாகத் தந்தார். ஆய்வாளர் தம் விளக்கத்தைக் கைவிட வேண்டுமென்பது இதன் முடிபன்று. அச்சேறுமுன் அது கதை சொன்னவரிடம் திரும்பிச் செல்லவேண்டும். அவர் மறுத்தால் அம்மறுப்பும் நூலில் இடம்பெற வேண்டும் என்பதே முடிபு. நேர்விடைகளுள் ஒன்றான ‘மறை’, வினாத்தாளில் வெறும் ‘இல்லை’யாகக் கிடந்தது. இங்கே அது உரையாசிரியரை மறுக்கும் மற்றோர் உரையாக உயர்ந்தது.

தமிழ்க் குரல் ஒன்று

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. புதுச்சேரியை அடுத்த சிற்றூரொன்றில் உழவுக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் பாடகியாகவும் வாழ்ந்த தலித் பெண் வீரம்மா. அவர் பத்தாண்டுக் காலம் தமிழிற் கூறியவற்றை ஜோசியான் ரசீன், ழான்-லூக் ரசீன் இணையர் நூலாக்கினர். அந்நூல் 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நூலின் முகப்பில் அவர்களோடு வீரம்மாவின் பெயரும் ஆசிரியர் பெயராக இடம்பெற்றுள்ளது. பத்தாண்டு என்பது பேட்டியின் கால அளவன்று, உறவின் கால அளவு. அதனால்தான் வீரம்மாவின் சிரிப்பும் எள்ளலும், சீர்திருத்தம் விழைவோர் எதிர்பாராத அவர்தம் ஏற்புகளும் அந்நூலில் மழுங்காமல் நிற்கின்றன. ஆயினும் அந்நூல் வீரம்மாவின் தனிமொழியாகவே ஓடுகிறது. வினவியோரின் வினாக்கள் நூலுக்குள் தெரிவதில்லை. எவ்விடத்தில் அவர் தாமே பேசினார், எவ்விடத்தில் வினவியதற்கு விடை தந்தார் எனப் படிப்போர் பிரித்தறிதல் அரிது.

நிறைவாக

உற்றது உரைத்தலும் இனமொழியும் எதிர்வினாவும் ஏவலும் ஆய்வின் அவைக்குள் வந்துவிட்டன. யுனான் பெண்கள் தம் பிள்ளைகளுக்காகக் கேட்டவற்றில் ‘உறுவது கூறல்’ என்னும் இனி நிகழ்வதைச் சொல்லும் விடையும் வந்துசேர்ந்தது. வினாக்களோ இன்னும் பெரும்பாலும் கொளல் வினாக்களே.

தமிழகத்தில் நாட்டார் பாடல்களையும் கதைகளையும் தொகுத்தோர் ஆற்றிய பணி பெரிது. அவர்கள் இல்லையெனில் எத்தனையோ ஒப்பாரிகளும் தாலாட்டுகளும் பாடியவரோடு மறைந்திருக்கும். எனினும் தொகுப்புகளின் முகப்பில் தொகுத்தவர் பெயரும், பின்னிணைப்பில் ‘தகவலாளர்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பாடியவர் பெயரும் வயதும் ஊரும் இடம்பெறுவதே பெருவழக்கு. தாமே கட்டிப் பாடிய ஒருத்தியைத் தகவல் தந்தவர் எனக் குறிப்பது எத்துணைப் பொருந்தும் என்பது கவிஞர்கள் கூடிய அவையில் எண்ணத்தக்கது.

கவிஞருக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பிறர் துயரைப் பாடுதல் தமிழ்க் கவிதையின் மரபு. கேட்ட துயரைத் தம் சொல்லில் வைக்கும்போது, கவிஞரும் அப்பேத்தியின் இடத்திலேயே நிற்கிறார். பத்தாண்டுகளாக ஓரவையில் அமர்ந்து, ஒருவர் படைப்பை மற்றவர் வாசிக்கக் கேட்டு, உடன்பட்டும் மறுத்தும் வளர்ந்ததோர் இலக்கிய வட்டத்துக்கு, மறுப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பழக்கம் புதியதன்று. அவ்வவையில் இதுவரை அமராத ஒருவர் உண்டு. எவர் வாழ்விலிருந்து கவிதை எடுக்கப்பட்டதோ அவர். அச்சேறுமுன் அவருக்கு அதனை ஒருமுறை வாசித்துக் காட்டுதலும், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுதலும் எவரும் செய்யக்கூடிய எளிய செயல்களே.